ஒரே ஒரு எழுத்துதானே, அக்கா! குன்னூர் டி.டி.பி. கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படியேறிப் போனால் எங்கள் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், மெனு கார்டு, ஹோம்ஸ்டே போர்டு, கல்யாணப் பத்திரிகை. அப்பா ஒரு டைப்ரைட்டரோடு ஆரம்பித்தது. இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். வருகிற மேட்டரில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். அதில் ஸ்பெல்லிங் தெரியாமல் வரும் தப்பு குறைவு. ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பக்கத்து வீட்டுச் சொல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் அதிகம். கவுன்டரில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே ஏ, இ, ஐ, எஸ் என்று வருவதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். ஏ என்றால் ஆப்பிளின் முதலெழுத்து, இ என்றால் எக்ஸாமின் முதலெழுத்து, ஐ என்றால் ஐஸின் முதலெழுத்து.

கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடே வரவில்லையே, அப்புறம் எப்படித் தப்பு?

சிவப்புக் கோடு, அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான் வரும். நீங்கள் அடித்தது அகராதியில் இருக்கிற சொல், இடம்தான் மாறிவிட்டது. புது சாஃப்ட்வேர் சில நேரம் நீலக் கோடு போட்டுச் சந்தேகத்தைக் காட்டும். ஆனால் மெனு கார்டில் தலைப்பு என்பது ஒற்றைச் சொல். முன்னும் பின்னும் வாக்கியம் இல்லாதபோது அதற்கு என்ன தெரியும்?

இந்தப் பாடத்துக்கு நாங்கள் ஃபீஸ் கட்டியிருக்கிறோம். ஒரு ஓட்டலுக்கு 200 மெனு கார்டு, இரண்டு பக்கம், கெட்டி லேமினேஷன். கடைசிக் கட்டத்தில் கேரட் அல்வா, ஃப்ரூட் சாலட், கேரமல் கஸ்டர்ட். தலைப்பு ‘டெசர்ட்ஸ்’. நான் பார்த்தேன், தம்பி பார்த்தான், ஓட்டல் மேனேஜரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. சாப்பிட வந்த ஒரு பெரியவர், “இதில் தார் இருக்கா, சஹாராதான் இருக்கா?” என்று வெயிட்டரிடம் கேட்டாராம். ஒரு எஸ் விட்டுப்போயிருந்தது. பாலைவனம் என்று அச்சடித்திருந்தோம். லேமினேஷன் போட்ட கார்டில் திருத்த வழி கிடையாது. 200-ம் புதிதாக, எங்கள் செலவில்.

அப்போ இனிப்புக்கு எத்தனை எஸ்?

இரண்டு. ‘ஸ்வீட் ஸ்டால்’ என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொல்லும் எஸ்ஸில் தொடங்குகிறது, அவ்வளவுதான். பாலைவனத்துக்கு ஒன்று. வாயிலும் வித்தியாசம் உண்டு: பாலைவனத்தைச் சொல்லும்போது அழுத்தம் முன்னால் விழும், டெ-சர்ட், இனிப்பைச் சொல்லும்போது பின்னால் விழும், டி-ஸர்ட்.

எஸ் ஏன் இரட்டிக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இனிப்பின் பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. பரிமாறுவதைக் குறிக்கும் ‘சர்வ்’ என்ற சொல்லோடு, எடுப்பது என்ற பொருளில் ஒரு முன்னொட்டு சேர்ந்தது. அதாவது சாப்பாட்டுப் பாத்திரத்தையெல்லாம் மேசையிலிருந்து எடுத்த பிறகு வருவது. முன்னொட்டின் எஸ் ஒன்று, சர்வின் எஸ் ஒன்று. பாலைவனத்தின் பெயர் ‘கைவிடப்பட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. இரண்டுக்கும் சொந்தமே இல்லை.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

கண்ணில்தான் குழப்பம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி இடத்தில் அது காதில் தொடங்குகிறது என்பது என் கட்சி. ‘லூஸ்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. தொலைப்பதற்கு ஒன்று, ஒற்றை ஓ. தளர்வுக்கு ஒன்று, இரட்டை ஓ. ஆங்கிலேயர் வாயில் இவை ஒன்றே அல்ல. தொலைப்பதன் கடைசியில் தேனீ ரீங்கரிக்கிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். தளர்வின் கடைசியில் வெறும் காற்று, சைக்கிள் டியூப் இறங்குகிற சத்தம். தமிழில் அந்த ரீங்கார ஒலிக்கு எழுத்தே இல்லை. இரண்டையும் ‘ஸ்’ என்றுதான் எழுதுகிறோம், அப்படியே பேசுகிறோம். காதில் ஒன்றாகிவிட்ட சொல் கையிலும் ஒன்றாகத்தானே வரும்?

ரைஸ் என்று சோற்றையும் சொல்கிறோம், எழுவதையும் சொல்கிறோம். பிரைஸ் விலையும்தான், பரிசும்தான். பரிசுக்கு இசட் வரும், விலைக்கு சி. எல்லாம் இந்த ஒரே ஓட்டை வழியாக உள்ளே வருகிற குழப்பம். ‘டோன்ட் லூஸ் ஹோப்’ என்று மோட்டிவேஷன் போஸ்டர் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரட்டை ஓ போட்டுத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நம்பிக்கையைத் தளர்த்தாதே என்று வைத்துக்கொண்டால்கூடப் பொருந்துகிறதே என்று ஒருவர் வாதாடினார். அழகான வாதம். இருந்தாலும் ஒரு ஓ-வை எடுத்துவிட்டுத்தான் அடித்தேன்.

நினைவில் வைக்க: “லூஸா நீ?” என்று திட்டுகிறோமே, அந்த லூஸுக்கு இரண்டு ஓ, முழித்துப் பார்க்கும் இரண்டு கண் மாதிரி. ஒன்றைத் தொலைத்துவிட்டால் அது தொலைப்பது.

போனில் ஸ்பெல்லிங் சொல்பவர்களுக்கு இதோடு ஒரு வேண்டுகோள். ‘பி’ என்று மட்டும் சொன்னால் எந்த பி? பாம்பே பி-யா, பாகிஸ்தான் பி-யா? டெல்லி டி-யா, டைகர் டி-யா? வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இங்கிலீஷ்காரர்களுக்குக் குழப்பமே வராதா?

வரும், நன்றாக வரும். அவர்கள் மொழியின் எழுத்தும் பேச்சும் எப்போதோ பிரிந்து போய்விட்டன. 1476-ல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் நெடில் உயிர்களின் உச்சரிப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது. பழைய உச்சரிப்புக்குப் போட்ட எழுத்து அப்படியே நின்றுவிட, வாய் மட்டும் எங்கோ போய்விட்டது. சந்திப்பதைச் சொல்லும் ‘மீட்’டும் கறியைச் சொல்லும் ‘மீட்’டும் முன்பு வேறு வேறு ஒலி, இன்று ஒன்று. வீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் முன்னால் இன்றும் சும்மா நிற்கிற கே ஒரு காலத்தில் வாயில் ஒலித்ததுதான்.

நேர்மாறான கதையும் உண்டு. பூவும் மாவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. அரைத்ததில் மிக நைசான பாகம், அதாவது தானியத்தின் ‘பூ’, மாவு என்று பெயர் பெற்றது. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட மாவுக்குத் தனி ஸ்பெல்லிங் கிடையாது. பிரிந்தது பிற்பாடுதான். இங்கே மே மாதம் வந்தால் ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் ஃப்ளவர் ஷோ. ஊரில் பாதி டாக்ஸிக்காரர்கள் டூர் பேக்கேஜ் நோட்டீஸ் அடிக்க வருவார்கள். டபிள்யூவும் இ-யும் காணாமல் போய், அந்த இடத்தில் யு வந்து, மாவுக் கண்காட்சிக்கு ஆள் கூப்பிட்ட ஒரு நோட்டீஸை ப்ரூஃபில் பிடித்தேன். வர்க்கி பிஸ்கட் சுடுகிற ஊரில் மைதாவுக்கு ஒரு கண்காட்சி வைத்தாலும் தப்பில்லைதான்.

வண்டியின் பின்னால் எழுதுகிற பிரேக் எது?

வண்டியை நிறுத்துகிற பிரேக் கே-இ என்று முடியும். பைக் என்ற சொல்லும் கே-இ என்றுதான் முடியும். பைக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைகிற, முறிகிற, இடைவெளி விடுகிற பிரேக் இ-ஏ-கே என்று முடியும். பிரேக்ஃபாஸ்ட்டில் இருப்பது இதுதான்: ராத்திரி முழுக்க இருந்த பட்டினியை முறிப்பது. டீ பிரேக்கும் இந்த வகை.

மலையில் இருப்பவர்கள் இந்த ஜோடியில் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பேன். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வருகிற பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே இறங்குகிற வண்டியின் பின்னால் ‘ஏர் பிரேக்’ என்பதை உடைகிற பிரேக்காக எழுதியிருந்தால், பின்னால் வருகிற எனக்கு வயிறு கலங்காதா?

மலை ரயிலில் இரண்டு பிரேக்கையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம். மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்கத் தனி ஆள் கொடியோடு நிற்பார். அது கே-இ. நடுவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லாரும் இறங்கி வடை சாப்பிடுவது இ-ஏ-கே. 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதைப் பற்றி நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் தமிழில் ‘மழை ரயில்’ என்று எழுதிக்கொண்டு வருவது தனிக் கதை, கீழே வருகிறேன்.

ஸ்டேஷனரிக்கு ஏ-வா, இ-யா?

பேனா, பேப்பர் விற்கிற கடைக்கு இ. எரேசர், என்வலப் இரண்டுக்கும் முதலெழுத்து இ. இரண்டும் அந்தக் கடையில்தான் கிடைக்கும். நகராமல் நிற்பதற்கு ஏ. ‘அசையாத’ என்று தமிழில் நினைத்தால் அ வந்துவிடும், அதுதான் ஏ.

இவை இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பதுதான் வேடிக்கை. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகம் விற்றவர்களில் பலர் ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தவருக்கு ‘நிலையாக நிற்பவர்’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு பெயர். அந்த நிலைக்கடைக்காரர் விற்ற பொருள்தான் பிற்காலத்தில் ஸ்டேஷனரி ஆயிற்று.

எங்கள் கடை போர்டில் ஏ-தான் இருக்கிறது. தெரியும். அப்பா காலத்தில் பெயிண்டர் கையால் எழுதியது. மாற்றலாம் என்று தம்பி சொல்கிறான். இத்தனை வருஷமாக இந்தப் படிக்கட்டை விட்டு நகராத கடைக்கு அது பொருத்தம்தான் என்று நான் விட்டுவைத்திருக்கிறேன்.

‘சைட் சீயிங்’ என்று டாக்ஸி ஸ்டிக்கரில் எப்படிப் போடுவது?

கோயம்புத்தூர்ப் பக்கம் ‘சைட் வாங்கியாச்சு’ என்றால் வீட்டுமனை. அதற்கு எஸ்-ஐ-டி-இ (டைகர் டி), நாலே எழுத்து. காலேஜ் வாசலில் பையன்கள் ‘சைட் அடிக்கிற’ சைட், பார்வை. அதில் ஜி-எச் வரும். லைட், நைட் இரண்டிலும் வருகிற அதே வால். வெளிச்சம் இருந்தால்தானே பார்க்க முடியும்? ஊர் சுற்றிப் பார்ப்பதும் பார்வைதான், ஆகவே ஜி-எச். ஊட்டியில் ஓடுகிற ஸ்டிக்கர்களில் பல, ‘மனை பார்க்க’க் கூப்பிடுகின்றன. ரியல் எஸ்டேட்காரர்கள் அடித்தால் சரி.

மூன்றாவதாக ஒரு சைட், சி-யில் தொடங்குவது, சான்று காட்டுவதைக் குறிக்கும். காலேஜ் ப்ராஜெக்ட் டைப் பண்ண வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் தேவைப்படும். சி, சான்று. முடிந்தது.

தேயிலை ஃபேக்டரி நோட்டீஸில் என்னென்ன மாறும்?

இது எங்கள் ஊர் ஸ்பெஷல். இலை வாங்கும் இடத்தில் ஒட்டுவதற்கு ஒருவர் நோட்டீஸ் கொண்டுவந்தார்: முற்றிய இலை எடுக்கப்பட மாட்டாது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறித்தால் நல்ல கொழுந்து. அதற்குக் கீழே போகப் போக இலை தடித்து நார் ஏறிவிடும். அந்த முரட்டு இலைக்கு ஆங்கிலத்தில் ‘கோர்ஸ்’, ஓ-ஏ. அவர் எழுதியிருந்தது ஓ-யு, படிப்புக்கு வரும் கோர்ஸ். கம்ப்யூட்டர் கோர்ஸ் மாதிரி இலை கோர்ஸ். இதைப் பிரிக்க ஒரு வழி: படிப்பு கோர்ஸுக்குள் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல், அதாவது ‘நம்முடைய’, முழுதாக உட்கார்ந்திருக்கும். நம்ம கோர்ஸ் அது. இன்னொன்று முரடு. சாக்குத் துணி, கரடுமுரடான மணல், கெட்ட வார்த்தை எல்லாம் அந்தப் பக்கம்.

சி.டி.சி. தூள் என்கிறோமே, அதில் நடுவில் உள்ள டி வேறொரு வகைச் சிக்கல். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் சி.டி.சி. அந்தக் ‘கிழி’யும் கண்ணீரும் எழுத்தில் அச்சு அசல் ஒன்று. கிழிக்கும்போது ‘டேர்’, அழும்போது ‘டியர்’. ஸ்பெல்லிங் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, வாக்கியம்தான் சொல்லும். ஒரு ஸ்கூல் பாப்பா ஃபேக்டரி டூர் முடித்து வந்து, “இலையை நசுக்கினா அது அழுமா ஆன்ட்டி?” என்று கேட்டது. சார்ட்டைப் பார்த்து அது படித்தது கண்ணீர். காற்றுக்கும் சுற்றுவதற்கும் இதே கதை, விண்ட், வைண்ட். நிமிஷமும் மிக நுண்ணியதும் ஒரே எழுத்து, மினிட், மைன்யூட். ஈயமும் வழிநடத்துவதும் அப்படியே, லெட், லீட். இந்த வகைக்கு மெமரி டெக்னிக் எதுவும் என்னிடம் கிடையாது. வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

தூள் பாக்கெட்டில் ‘லூஸ் டீ’ என்று போடும்போது இரண்டு ஓ. தொலைந்த டீயை யார் வாங்குவார்கள்?

‘காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்’: ஐ-யா, இ-யா?

இலவசம் என்றால் ஐ. கிஃப்ட் என்ற சொல்லில் இருக்கிற ஐ. பாராட்டுக்கும் அதே ஐ. ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிறைவாவது என்றால் இ. ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லின் முதல் ஆறு எழுத்து அப்படியே இதற்குள் இருக்கிறது. சூடான டீக்கு வர்க்கி இ. அந்த டீக்கு ஓட்டல்காரர் காசு வாங்கவில்லை என்றால் ஐ. இ போட்டு அடித்த ரூம் கார்டைக் காட்டி, “இது இலவசம்னு எங்க போட்டிருக்கு?” என்று எந்த கெஸ்ட்டும் சண்டைக்கு வந்ததில்லை. இருந்தாலும் வாடகை அதிகமாக உள்ள இடத்தில் இந்த எழுத்து உறுத்தும்.

‘ப்ளீஸ் பேர் வித் அஸ்’ போர்டில் என்ன தப்பு, அக்கா? எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஐயோ, இது. ரிப்பேர் வேலை நடக்கிற ஒரு காட்டேஜுக்கு எழுதிய போர்டு. சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தார்கள். பொறுப்பதற்கு உரிய ‘பேர்’ எழுத்தில் கரடியேதான்: பி-இ-ஏ-ஆர். எழுதியதோ பி-ஏ-ஆர்-இ, வெறுமை, துணியில்லாமல் இருப்பது. ‘எங்களோடு சேர்ந்து நீங்களும் ஆடையைக் களையுங்கள்’ என்று ஒரு குடும்ப விடுதியின் வாசலில் இரண்டு மாதம் தொங்கியது. டிசம்பர் குளிரில்!

கரடிக்குள் காது இருக்கிறது. பி-யை எடுத்துவிட்டால் மிச்சம் ‘இயர்’. கோத்தகிரிப் பக்கத்தில் ராத்திரி கரடி வந்து வீட்டுக் கதவைத் தட்டுவது சகஜமாகிவிட்டது. ‘கரடி நடமாட்டம் உள்ள பகுதி’ என்று போர்டு கேட்டு வருபவர்கள் ஏ-வை எடுத்துவிட்டு இன்னொரு இ போட்டால் பீர் ஆகிவிடும். எச்சரிக்கை போர்டு விளம்பரமாகிவிடும்.

ஸ்கூல் லெட்டரில் பிரின்சிபால் எப்படி முடியும்?

ஏ-எல். ஆள் என்று படியுங்கள். பிரின்சிபால் ஓர் ஆள். கொள்கை ஆள் இல்லை. அது எல்-இ என்று முடியும். ‘ரூல்’ என்ற சொல்லும் எல்-இ என்றுதான் முடிகிறது.

பேங்க் லெட்டரில் வரும் கடனின் அசலும் இந்த ஏ-எல் பிரின்சிபால்தான். அசல் என்ற தமிழ்ச் சொல்லே அப்படித்தான் முடிகிறது, பாருங்கள். ஊட்டியில் போர்டிங் ஸ்கூல் நிறைய. அட்மிஷன் சமயத்தில் ‘மதிப்பிற்குரிய கொள்கை அவர்களுக்கு’ என்று தொடங்கும் லெட்டர் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும்.

டயரி, டெய்ரி?

பால் பண்ணைக்கு ஏ முன்னால். ஆவினுக்கும் ஏ-தான் முன்னால். நாட்குறிப்பில் ‘நான்’ முன்னால், அதாவது ஐ.

டிரைவிங் லைசென்ஸுக்கு சி-யா, எஸ்ஸா?

நம் ஊர் வழக்கம் பிரிட்டிஷ் வழக்கம்: கையில் இருக்கிற லைசென்ஸ், பெயர்ச்சொல், கடைசியில் சி. உரிமம் வழங்குகிற செயல், வினைச்சொல், எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் எஸ். நெட்டிலிருந்து காப்பி எடுத்து வருகிறவர்களுக்கு இதனால்தான் குழப்பம்; அவர்கள் கொண்டுவருவது தப்பு இல்லை, வேறு நாட்டுச் சரி. அட்வைஸ் கொஞ்சம் எளிது. பெயர்ச்சொல்லாக வருவது ஐஸ் என்று முடியும். ஐஸ் ஒரு பொருள். வினையாக வருவதில் எஸ்.

22 கேரட் தங்கம், ஊட்டி கேரட். வித்தியாசம்?

காய்க்கு இரண்டு ஆர். கேத்தி பள்ளத்தாக்கில் கழுவி மூட்டை கட்டுவது அது. கடைசி மூன்று எழுத்தைப் பிரித்தால் ‘ராட்’, அழுகல் என்று பொருள். காய் அழுகும், தங்கம் அழுகாது. நகைக்கு வருவதில் ஒரே ஆர், இரண்டு ஏ. அடகுக் கடை போர்டில் ‘22 கேரட்’ என்று காயை எழுதிவிட்டால் மார்க்கெட்டில் தராசு வைத்திருப்பவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

நகைக் கேரட்டின் வேர், கேரப் என்ற மரத்தின் விதைக்கு உள்ள கிரேக்கப் பெயர். அந்த விதையை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். நம் குன்றிமணி மாதிரி. வைரத்துக்கு ஒரு கேரட் என்றால் இன்று 200 மில்லிகிராம். தங்கத்துக்கு அது எடை இல்லை, 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தம் என்ற கணக்கு. ஹால்மார்க்கில் ‘கே’ என்று பார்க்கிறீர்களே, அது அமெரிக்க ஸ்பெல்லிங்கின் முதலெழுத்து.

இன்னொரு கேரட்டும் உண்டு, இ-டி என்று முடிவது. ப்ரூஃப் பார்க்கும்போது விட்டுப்போன எழுத்தைச் செருக ஒரு சின்னக் கூரை மாதிரி குறி போடுகிறோமே, அதன் பெயர். லத்தீனில் ‘குறைகிறது’ என்று பொருள். எங்கள் தொழில் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழேதான் ஓடுகிறது.

‘பீக் சீசன்’?

ஏ உள்ள பீக். பெரிய எழுத்து ஏ-வைப் பாருங்கள், மலை உச்சி மாதிரி இருக்கும். தொட்டபெட்டா, 2,637 மீட்டர், ஏ. இரண்டு இ உள்ளது எட்டிப் பார்ப்பது.

மிச்சமெல்லாம் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ‘அமைதி’க்கு, அதாவது க்வயட்டுக்கு, இ-டி என்று முடிய வேண்டும், டி-இ என்று முடிந்தால் ‘ஓரளவு’, அதாவது க்வைட். டைப்பிங்கில் விரல் மாறி வரும் தப்பு, அறிவுக் குறை அல்ல. ‘வெதர்’ இரண்டு: வானிலையில் ‘ஈட்’ இருக்கிறது, சாப்பிடுகிற ஈட். ‘ஆமா இல்லையா’ என்பது டபிள்யூ-எச்சில் தொடங்கும், வாட், வென், வொய் போல அதுவும் கேள்விக் குடும்பம். அஃபெக்ட், எஃபெக்ட்: மண்சரிவு பாதையைப் ‘பாதித்தது’ ஏ; ‘பாதிப்பு’ இ. செயல் முதலில், விளைவு பின்னால். ஏ முதலில், இ பின்னால். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் போர்டு எழுதுவதற்கு இது போதும்.

பரீட்சைக்கு எத்தனை ஜோடி மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஜோடியாகவே செய்யாதீர்கள். ஜோடியாக மனப்பாடம் செய்வதால்தான் ஜோடியாக மறக்கிறது. பரீட்சை ஹாலில் இரண்டும் கைகோத்து வந்து நிற்கும், எது எது என்று தெரியாது. ஒன்றை மட்டும் ஏதாவது ஒரு பொருளோடு கட்டிப் போடுங்கள்: கரடியின் காது, ஆவினின் ஏ. மற்றதைத் தொடவே வேண்டாம். கட்டிப் போட்டது இல்லையென்றால் மற்றது. கட்டுகிற பொருளும் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருப்பதாக இருக்கட்டும். இங்கே நான் சொன்னது குன்னூருக்குச் சரி. திருநெல்வேலிக்காரருக்கு அல்வாதான் நிற்கும்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, இல்லையா?

இல்லையா? பனி, பணி. மலை, மழை. அரை, அறை. ஒலி, ஒளி, ஒழி. சுற்றுலா நோட்டீஸில் ‘பணிமூட்டம்’ என்று எழுதிக்கொண்டு வருகிறவர் வேலைப்பளுவைத்தான் வர்ணிக்கிறார். ‘உறைபணி’ பார்க்க வாருங்கள் என்று ஜனவரியில் ஒரு விளம்பரம் வந்தது. ‘மழை ரயில்’ ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மழை அதிகமானால் அந்த ரயிலே ரத்தாகிவிடும். ஒரு சின்ன வயது ஹட்டிப் பையன் (ஹட்டி என்றால் படுகர் கிராமம்), வீட்டில் படுகர் பேச்சு, ஸ்கூலில் தமிழும் இங்கிலீஷும், பனியையும் பணியையும் ஒருபோதும் மாற்றி எழுதவில்லை. எப்படி என்று கேட்டேன். “மூணு சுழி போட்டா வேலை அதிகம்க்கா” என்றான். அதற்குப் பிறகு எல்லாருக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

ப்ரூஃப் பார்க்கும்போது என்ன செய்தால் தப்பு மாட்டும்?

சத்தமாகப் படிப்பது உதவாது. பிரேக்கும் பிரேக்கும் காதுக்கு ஒன்று. கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அர்த்தம் இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து மட்டும் தெரியும். தலைப்பையும் பெயரையும் தனியாக, கடைசியில், விரல் வைத்துப் பாருங்கள். எங்கள் 200 கார்டும் தலைப்பில்தான் போயிற்று. முடிந்தால் மேட்டரை எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண், தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும்.

ஓகே சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகு தப்பு தெரிந்தால்?

நாங்கள் அடித்ததில் தப்பு என்றால் முழுச் செலவும் எங்களுடையது. நீங்கள் கொடுத்த மேட்டரிலேயே இருந்து, நாங்களும் கவனிக்காமல் விட்டிருந்தால் பாதிக்குப் பாதி. நாங்கள் சொல்லியும் ‘இருக்கட்டும், ஒரே ஒரு எழுத்துதானே அக்கா’ என்று போனவர்களுக்கு முழு ரேட். கையெழுத்துப் போடும் முன் தமிழ்ப் பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். போன வாரமும் ஒரு பணிமூட்டம் வந்தது.